அமெரிக்க கிராமத்து பழைய மெதடிஸ்ட் சேப்பல், அதோட கல்லறைத் தோட்டம்: வரலாற தேடி எழுதறது எப்படி

அமெரிக்கால கிராமத்துப் பக்கம் ரோட்டோரமா மெதடிஸ்ட்னு ஒரு புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவோட சின்ன மர சேப்பல் (ஜெபக்கூடம்), பக்கத்துல சாஞ்சும் விழுந்தும் கிடக்கற கல்லறைக் கல்லுங்க, வாசல்ல 1790ன்னோ 1805ன்னோ போட்ட ஒரு போர்டு. இதோட கதைய ஒழுங்கா எழுதி வைக்கணும்னு நினைக்கறவங்களுக்குத்தான் இது.

முதல்ல அந்த போர்டுல இருக்கற வருஷத்த அப்படியே எடுத்துக்காதீங்க. ஒரு சேப்பலுக்கு குறைஞ்சது மூணு தொடக்கம் இருக்கும். யாரோ ஒரு விவசாயி வீட்டுல நாலு பேர் கூடி ஜெபம் பண்ண ஆரம்பிச்ச வருஷம் ஒண்ணு, நிலம் எழுதிக் குடுத்த வருஷம் ஒண்ணு, கட்டடம் எழும்பின வருஷம் ஒண்ணு. அந்தக் கட்டடமும் பல இடத்துல முதல்ல முழு மரக் கட்டைங்கள அடுக்கிக் கட்டி அப்புறம் பலகைலயோ செங்கல்லயோ மாத்திக் கட்டினதா இருக்கும். போர்டு எதச் சொல்லுதுன்னு கண்டுபிடிக்கறதுதான் பாதி வேலையே. டெலவேர் மாநிலத்துல ஃப்ரெடரிகா ஊர் பக்கத்துல இருக்கற பேரட்ஸ் சேப்பல் மாதிரி 1780ல கட்டின அதே கட்டடம் இன்னும் நிக்கற இடங்க ரொம்ப கம்மி.

அடுத்து கவுண்டி (மாவட்டம் மாதிரி) கோர்ட்ஹவுஸ், அங்க இருக்கற நிலப் பத்திரம். இங்கதான் நிறைய பேர் தோத்துட்டு வந்துடறாங்க, ஏன்னா இண்டெக்ஸ்ல சர்ச் பேர தேடுவாங்க. அந்தக் காலத்துல நிலத்த டிரஸ்டிங்க, அதாவது சபை சொத்துக்குப் பொறுப்பா இருந்தவங்க பேர்லதான் எழுதினாங்க, அதனால இண்டெக்ஸ்ல முதல் டிரஸ்டியோட பேர் மட்டும் இருக்க வாய்ப்பு அதிகம். கல்லறைல இருக்கற ரொம்ப பழைய குடும்பப் பேருங்கள எழுதிட்டுப் போய் ஒவ்வொண்ணா தேடுங்க. பத்திரம் கிடைச்சா அதுல இருக்கற டிரஸ்டி லிஸ்ட் பெரிய பொக்கிஷம், அந்த சபைய தூக்கி நிறுத்தின குடும்பங்க அவங்கதான், பாதி பேர் அந்தக் கல்லறைலயே இருப்பாங்க.

அப்புறம் சர்க்யூட், அதாவது ஒரு போதகர் சுத்தி வர்ற ஊருங்களோட தொகுப்பு. இத புரிஞ்சுக்காம மெதடிஸ்ட் வரலாறே புரியாது. ஒவ்வொரு சேப்பலுக்கும் தனி போதகர்லாம் கிடையாது, குதிரைல சுத்தற போதகர் ஒருத்தர் பல ஊர சேத்து பாத்துக்குவார், ஒரு ஊருக்கு வாரக்கணக்குல ஒருதடவதான் வருவார், நடுவுல சபைய பாத்துக்கறது கிளாஸ் லீடர்னு சொல்ற உள்ளூர் குழுத் தலைவர். அதனால ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் சர்க்யூட் புஸ்தகத்துல இருக்கும், உங்க சேப்பல் பேர் அதுல இல்லாமலே கூட போகலாம். எந்த வருஷம் எந்த சர்க்யூட்டுல சேந்திருந்துச்சுன்னு முதல்ல ஒரு அட்டவணை போட்டுக்கோங்க. 1773லேந்து போதகருங்க வருஷா வருஷம் கூடின கான்ஃபரன்ஸோட மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) இருக்கு, எந்த சர்க்யூட்டுக்கு யார் போதகர், எத்தன உறுப்பினர்னு அதுல பாக்கலாம். அமெரிக்க மெதடிஸ்டுங்களோட ஆரம்ப காலத் தலைவர் ஃபிரான்சிஸ் ஆஸ்பரி 1771ல அமெரிக்கா வந்ததிலேந்து 1816ல இறக்கற வரைக்கும் சுத்திக்கிட்டே இருந்தவர், அவரோட நாட்குறிப்பு அச்சுல இருக்கு, உங்க ஊர்ப் பேர் அதுல வருதான்னு பாருங்க. ஆனா ஆஸ்பரி இங்க பிரசங்கம் பண்ணினார்னு சொல்லாத பழைய சேப்பல் இல்ல, நாட்குறிப்புல இல்லேன்னா "ஊர்ல சொல்றாங்க"ன்னு மட்டும் எழுதுங்க.

1784க்கு முன்னாடி நடந்த ஞானஸ்நானத்த தேடறீங்கன்னா ஆங்கிலிகன் (இங்கிலாந்து திருச்சபை) பாரிஷ், அதாவது பங்குப் பதிவேட்டுக்குப் போங்க. அது வரைக்கும் இங்க இருந்த மெதடிஸ்ட் போதகருங்களுக்கு குருப்பட்டம் கிடையாது, அதனால ஞானஸ்நானத்துக்கு ஆங்கிலிகன் குருகிட்டதான் போவாங்க. பட்டம் வாங்கி இங்கிலாந்துலேந்து வந்த தாமஸ் கோக் 1784 நவம்பர் 14 அன்னைக்கு அதே பேரட்ஸ் சேப்பல்லதான் ஆஸ்பரிய பாத்தார், அந்த கிறிஸ்துமஸ் சமயத்துல பால்டிமோர்ல கூடின கான்ஃபரன்ஸ்லதான் மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சர்ச்சே உருவாச்சு. பின்னாடி வந்தா பிரிவினைங்க. 1830ல மெதடிஸ்ட் புராட்டஸ்டண்ட்னு ஒரு சபை தனியா போச்சு, 1844ல அடிமை முறை தகராறுல வடக்கு தெற்குன்னு உடைஞ்சுது, 1939ல மூணும் ஒண்ணாச்சு, 1968ல யுனைடெட் மெதடிஸ்ட் சர்ச் ஆச்சு. ஒரே ஊர்ல ரெண்டு சேப்பல் ஏன் இருக்குன்னா காரணம் பெரும்பாலும் இதுக்குள்ளதான் இருக்கும். மூடிப்போன சபையோட புஸ்தகம் அந்தந்தப் பகுதிய நிர்வாகம் பண்ற கான்ஃபரன்ஸோட ஆவணக் காப்பகத்துல இருக்கலாம், மெதடிஸ்ட் தலைமைக் காப்பகம் நியூ ஜெர்சில ட்ரூ யுனிவர்சிட்டில இருக்கு.

இப்ப கல்லறைக்கு வாங்க. காலைலயோ சாயங்காலமோ வெயில் சாய்வா விழறப்ப போங்க, இல்லேன்னா ஒரு கண்ணாடிய வெச்சு வெளிச்சத்த பக்கவாட்டுல திருப்பி விடுங்க, தேஞ்சுபோன எழுத்து கூட எந்திரிச்சு வரும். தயவுசெஞ்சு சாக்பீஸ், ஷேவிங் க்ரீம், ப்ளீச், கம்பி பிரஷ் எதையும் கிட்ட கொண்டுபோகாதீங்க. இருநூறு வருஷம் மழைய தாங்கின கல்ல ஒரு மதியத்துல அழிச்சுடலாம். சுத்தம் பண்ணியே ஆகணும்னா அனுமதி வாங்கிட்டு வெறும் தண்ணி, மெத்துன்னு ஒரு பிரஷ், அவ்வளவுதான். உரிஞ்சு வர்ற கல்ல தொடவே தொடாதீங்க.

படிக்கறப்ப ஒரு ரெண்டு வார்த்தைல கவனம் வேணும். பொண்ணுங்க கல்லுல "கான்சார்ட்"னு இருந்தா புருஷன் இருக்கறப்பவே இறந்தவங்க, "ரெலிக்ட்"னு இருந்தா விதவை. வயச வருஷம், மாசம், நாள்னு போட்டிருந்தா இறந்த தேதிலேந்து கழிச்சு பிறந்த தேதிய எடுத்துடலாம். 1795ன்னு போட்ட கல்லு பளபளன்னு பாலிஷ் பண்ணின கிரானைட்டா இருந்தா அது பேரன் பேத்திங்க ரொம்ப பின்னாடி வெச்சது, அதுல இருக்கற தேதிய வேற எங்கயாவது சரி பாருங்க. சேப்பலுக்கு முந்தின தேதில கல்லு இருந்தா அது முதல்ல ஒரு குடும்பத்தோட சொந்தக் கல்லறையா இருந்திருக்கலாம்.

எழுத்தே இல்லாத கல்லுங்கள விட்டுடாதீங்க, எனக்கு ரொம்ப முக்கியமா படறது இதுதான். வயல்ல கிடைச்ச சாதாரண கல்ல தலைமாட்டுல ஒண்ணு கால்மாட்டுல ஒண்ணுன்னு நட்டிருப்பாங்க. கல்லும் இல்லாம கிழக்கு மேற்கா நீளமா ஒரு பள்ளம், மேல வின்கான்னு ஊதா பூ பூக்கற படர்ற செடின்னு இருந்தா அதுவும் கல்லறையா இருக்கலாம். ஆரம்ப கால மெதடிஸ்ட் சபைங்கள்ல கருப்பின மக்கள் நிறைய பேர் இருந்தாங்க, பழைய மினிட்ஸ்ல அவங்க எண்ணிக்கைய தனியாவே போட்டிருக்கு. சேப்பலுக்குள்ள மேல இருக்கற மாடத்துல தனியா உக்கார வெச்சாங்க, இறந்தப்புறம் பல இடத்துல ஓரமா பேர் இல்லாம புதைச்சாங்க. மினிட்ஸ்ல அவ்வளவு பேர், கல்லுல ஒருத்தர் கூட இல்லேன்னா வேலி ஓரத்துக்குப் போய் நிதானமா பாருங்க. வரைபடம் போடறப்ப பேர் இருக்கற கல்லுக்கு எப்படி நம்பர் குடுக்கறீங்களோ அதே வரிசைல அந்தப் பள்ளத்துக்கும் ஒரு நம்பர் குடுங்க.