சென்னை சொத்து வரி: கவுன்சிலரை நம்பிக் காத்திருக்காதீர்கள்

'எப்படியும் குறைச்சிடுவாங்க' என்று கட்டாமல் வைத்திருப்பதுதான் முதல் தவறு. அந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. 2018-இல் அ.தி.மு.க. அரசு ஏற்றிய வரியை, உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடான 2019 நவம்பரில் அதே அரசு நிறுத்திவைத்தது. 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் பிறந்ததும் தி.மு.க. அரசின் உயர்வு வந்தது. ஆனால் 2019-இல் உயர்வை நிறுத்தியபோதும், அதுவரை கூடுதலாகக் கட்டியிருந்தவர்களுக்கு அந்தப் பணத்தை அடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்வதாகத்தான் அறிவித்தார்கள். கட்டாமல் இருந்ததால் கூடுதல் லாபம் எதுவும் இல்லை.

இப்போதைய கணக்கு இது: ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். அரையாண்டு வரி 4,000 என்றால் 200 ரூபாய் மிச்சம். பாக்கி வைத்தால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. அதாவது மாதாமாதம் 40 ரூபாய்.

கவுன்சிலரிடம் போய் 'என் பில்லைக் குறைங்க' என்று கேட்பதும் வீண். உயர்வு அரசாணையாக வருகிறது, மாமன்றம் தீர்மானம் போடுகிறது, அவ்வளவுதான். சொத்து வரியைக் காலத்துக்கேற்ப உயர்த்தினால்தான் மானியம் என்று மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு வைத்த நிபந்தனையும் பின்னால் இருந்தது. 2024-25 இரண்டாம் அரையாண்டில் 6 சதவீதம் கூடியதும் இந்த வரிசையில்தான். தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலை என்றால் கவுன்சிலரை விடாதீர்கள். பில்லில் தப்பு என்றால் மண்டல அலுவலகத்து வருவாய்ப் பிரிவில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

தப்பு பெரும்பாலும் சதுர அடியில்தான் இருக்கும். 2022-இல் பழைய மாநகராட்சிப் பகுதி (2011 விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை) வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் உயர்வு. 1,190 சதுர அடி வீட்டை 1,210 என்று பதிந்திருந்தால், 2,000 ரூபாய் வரி 3,500-க்குப் பதில் 4,000 ஆகிவிடும். இருபது சதுர அடிக்கு அரையாண்டுதோறும் 500 ரூபாய்! அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் மதிப்பீட்டில் உள்ள அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கீழ்த்தளத்தில் இருந்த கடை காலியாகி மறுபடி வீடாகிவிட்டதா? நீங்கள் எழுதிக்கொடுக்காதவரை வணிகக் கட்டடம் என்றே பில் வரும்.

வீடு வாங்கியவர்கள் பட்டா மாறியதும் வேலை முடிந்ததென நினைக்கிறார்கள். சொத்து வரியில் பெயர் மாற்றம் தனி விண்ணப்பம். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, கடைசி வரி ரசீது எல்லாம் கையில் இருக்கட்டும். பழைய பாக்கி இருக்கிறதா என்று பத்திரப்பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள், பிறகு விற்றவரைப் பிடிக்க முடியாது.

ஆன்லைனில் கட்டும்போது மண்டலம், வார்டு, பில் எண், துணை எண் நான்கையும் போட்டதும் திரையில் வரும் பெயர், கதவு எண்ணைப் படியுங்கள். துணை எண் ஒன்று மாறினால் பக்கத்து ஃபிளாட் வரியை நீங்கள் கட்டியிருப்பீர்கள். மெட்ரோ வாட்டர் வரி இதில் சேராது. அதற்குத் தனி பில், தனி ரசீது.