மைனஸ் 20 டிகிரியில் புது ஆளைப் பழக்குவதும் தக்கவைப்பதும்

தூத்துக்குடியில் வெளியே 35 டிகிரி வெயில் அடிக்கும்போது இறால் கோல்ட் ஸ்டோரேஜுக்குள் மைனஸ் 20. கதவைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் உடம்பு 55 டிகிரி வித்தியாசத்தைத் தாங்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் இரண்டே வாரத்தில் நின்றுவிட்டால், "குளிர் தாங்கல" என்று எழுதிவிட்டுக் கான்ட்ராக்டரிடம் அடுத்த ஆளைக் கேட்பதுதான் வழக்கம். பெரும்பாலும் அவரை விரட்டியது குளிர் அல்ல, ஈரம். நனைந்த கிளவுஸ், இன்னொருவர் வேர்வையோடு கழற்றிப் போட்ட ஜாக்கெட், எப்போது வெளியே விடுவார்கள் என்றே தெரியாத ஷிஃப்ட். இவற்றைச் சரிசெய்த பிறகு பயிற்சியைப் பற்றிப் பேசலாம்.

வேலை உறுதி செய்யும் முன்பே முழு உடுப்போடு 10 நிமிடம் உள்ளே கூட்டிப் போய்க் காட்டுங்கள். ஒத்துவராதவர் அன்றைக்கே சொல்லிவிடுவார். இரு தரப்புக்கும் நஷ்டமில்லை. இதய நோய், ஆஸ்துமா, குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் தொந்தரவு, கால் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோய் உள்ளவர்களை டாக்டர் பார்க்காமல் ஃப்ரீசருக்குள் அனுப்பக் கூடாது.

உடுப்பு

பருத்தி பனியன் வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே போனதும் அதுவே ஐஸ் துணி. உடம்போடு ஒட்டும் துணி பாலியஸ்டராகவோ கம்பளியாகவோ இருக்கட்டும். அதற்கு மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் ஃப்ரீசர் ஜாக்கெட்டும் பேன்ட்டும். வெளி முற்றத்தில் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு லாரிக்காகக் காத்திருப்பது புது ஆட்கள் எல்லோரும் செய்வது. வேர்த்து நனைந்த பின் உள்ளே போனால் எந்த ஜாக்கெட்டும் காப்பாற்றாது. ஃப்ரீசர் கதவுக்கு முன்னால் இருக்கும் சின்ன அறையான ஆன்டி ரூமில் மட்டும் மாட்டச் சொல்லுங்கள். மூச்சு வாங்கக் கார்ட்டன் தூக்கும்போது ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிவிடலாம்.

கைக்கு உள்ளே மெல்லியது, வெளியே தடித்தது என்று இரட்டைக் கிளவுஸ். ஆளுக்கு இரண்டு செட். ஒன்று நனைந்தால் மற்றது. காயவைக்கும் இடம் ஆன்டி ரூம் அல்ல, அங்கே எதுவும் காயாது. ஃபேன் ஓடும் சூடான தனி அறை வேண்டும். பூட்ஸ் தடித்த சாக்ஸோடு விரல் அசையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் மரக்கும். மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். ஜாக்கெட்டில் அவரவர் பெயர் இருக்கட்டும். சின்ன விஷயம்தான், ஆனால் ஆள் தங்குவதற்குப் பல கம்பெனிகள் தரும் போனஸைவிட இது வேலை செய்யும்.

நேரம்

முதல் மூன்று நாள் 20 நிமிடம் உள்ளே, 15 நிமிடம் வெளியே. இரண்டாவது வாரம் 30 முதல் 40 நிமிடம். பழகியவரையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் நிறுத்த வேண்டாம். இதை சூப்பர்வைசர் மனதுக்கு விடாமல் மணி அடிக்க வையுங்கள். கன்டெய்னர் நிற்கிறது என்பதற்காக மணியைத் தள்ளிப்போட்டால் மறுநாள் யாரும் நம்ப மாட்டார்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால் இடைவேளையில் வெந்நீரோ டீயோ கையில் கொடுத்துவிடுங்கள். இறாலை வேகமாக உறையவைக்கும் பிளாஸ்ட் ஃப்ரீசர் மைனஸ் 35-க்குக் கீழே, காற்றும் அடிக்கும். முதல் மாதம் புது ஆள் அங்கே வேண்டாம். மற்றவர்களும் ஃபேனை நிறுத்திய பிறகே நுழைய வேண்டும்.

முதல் நாள் கற்றுத்தர வேண்டியவை

கதவை உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியை, விளக்கை அணைத்துவிட்டு, அவர் கையாலேயே மூன்று முறை திறக்க வையுங்கள். மாட்டிக்கொண்டால் அழுத்தும் அலாரம் எங்கே இருக்கிறது என்பதும் அப்படியே. தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது. குளிரூட்டும் குழாய்களில் ஓடும் அமோனியா கசிந்து வாடை மூக்கில் ஏறினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியேறி, காற்றுக்குக் குறுக்காக நகர்ந்து, பிறகு காற்று வரும் பக்கம் போய்ச் சேர வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் விடாமல் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

விரலோ காதோ வெளுத்து மரத்தால் தேய்க்கக் கூடாது. ஹீட்டரில் காட்டவும் கூடாது, உணர்ச்சி இல்லாததால் வெந்தாலும் தெரியாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி வைக்கவும். நடுங்கிக்கொண்டிருந்தவர் பேச்சுக் குழறி, கார்ட்டனை நழுவவிட்டால் கேள்வி கேட்காமல் வெளியே கொண்டுவந்து ஈர உடுப்பை மாற்றி, ஆம்புலன்ஸை அழையுங்கள்.

வாசலில் ஐஸ் கட்டுவதற்குக் காரணம் திறந்து கிடக்கும் கதவு. கடற்காற்றின் ஈரம் உள்ளே வந்து தரையில் உறைகிறது. உப்பு தூவினால் உருகும் என்பார்கள். மைனஸ் 20-இல் அது அநேகமாக வேலை செய்யாது, இரும்பைத்தான் அரிக்கும். சுரண்டியெடுப்பதே வழி. பால்பென் உறைந்துபோகும், பென்சில் கொடுங்கள். பார்கோடு ஸ்கேனரை வெளியே எடுத்தால் வேர்க்கும், துடைக்காமல் திரும்ப உள்ளே கொண்டுபோனால் அந்த நீர் உறைந்து படிக்காது.

சம்பளம், மொழி, லீவு

குளிர்ப்படியைச் சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். ஓவர்டைம் என்றால் இரட்டைச் சம்பளம், அது சட்டம். ஒடியா, இந்தி பேசுபவர்களுக்குத் தமிழ் போஸ்டர் ஒட்டிப் பயனில்லை. அவர்கள் மொழி தெரிந்த பழைய ஆளை ஜோடி சேர்த்து, அவருக்கும் அதற்கென்று ஒரு தொகை கொடுங்கள். லோடிங்கிலிருந்து ஸ்கேனர், அங்கிருந்து ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் என்று அடுத்த படி எத்தனை மாதத்தில் என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். பீகார்க்காரர்கள் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜைக்கு எப்படியும் ஊருக்குப் போவார்கள். இரண்டு மாதம் முன்பே முறை வைத்து லீவும் திரும்பி வர டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தால் நவம்பரில் புது ஆள் தேடி அலைய வேண்டியிருக்காது.