செட்டிநாட்டு வீடுகள்: பார்க்கப் போகும் முன்

சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பிலிருந்து வருபவர்களுக்குத் திருச்சி விமான நிலையமே வசதி. அங்கிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் காரைக்குடி வந்துவிடும். சென்னையிலிருந்து வருவோருக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. காரைக்குடியில் தங்கிக்கொண்டு கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர் என்று சுற்றலாம்.

இந்த வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1940கள் வரை எழுந்தவை. பர்மா, மலாயா, இலங்கை எனக் கடல் கடந்து வட்டித்தொழில் செய்த நகரத்தார்கள் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) ஈட்டிய பணம் இங்கே தேக்குத் தூண்களாகவும் சலவைக்கல்லாகவும் நின்றது. முகப்பு ஒரு தெருவில் இருக்கும். பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முகப்பில் ஆண்கள் வரவு செலவு பேசினார்கள். வளவு எனப்படும் வானம் பார்த்த நடுமுற்றத்தில் கல்யாணமும் முன்னோருக்கான படைப்பும் நடந்தன. அதற்கப்பால் பந்திக் கட்டு, பிறகு அடுப்படி. திருமணமான மகனைத் தனிக்குடித்தனம் வைத்தாலும் வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவனுக்கு உரியது. உலை தனி, வீடு பொது. நூறு பேர் குழுமும் விசேஷத்தை மனத்தில் வைத்தே இத்தனை பெரிதாகக் கட்டினார்கள். பகட்டு என்று மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

1930களின் பெருமந்தத்தில் பர்மாவில் கடன்கள் திரும்பவில்லை. ஈடாக வந்த நிலங்கள் கையில் தங்கின; கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு இவர்களிடம் சேர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தது. பர்மா விடுதலை பெற்றபின் அங்கே வந்த நில தேசியமயம் மிச்சத்தையும் கொண்டுபோயிற்று. வீட்டைப் பராமரித்த வருமானம் நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். காவலர் ஒருவர் மட்டும் காக்கும் வீடுகள் பெருகின.

இன்று அவை பல வேலை செய்கின்றன. கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் ஆகியவை தங்கும் விடுதிகள். ஆத்தங்குடியில் கட்டணம் கட்டிப் பார்க்கக்கூடிய பெரிய வீடு உண்டு. அதே ஊரில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றித் தரைக்கல் வார்ப்பதையும் பாருங்கள். சில வீடுகள் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகின்றன. பூட்டிய வீட்டின் கதவைக் காவலருக்குப் பணம் கொடுத்துத் திறக்கச் சொல்லாதீர்கள். அது பலருக்குச் சொந்தமான பூசையிடம். பங்காளி ஒருவரின் அனுமதியுடன் போங்கள். வளவில் செருப்பு வேண்டாம்.

வீடு உயிரோடு இருப்பதைக் காண வேண்டுமானால் தை மாதம் வாருங்கள். பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்காகவும் கல்யாணங்களுக்காகவும் கதவுகள் திறந்திருக்கும். சித்திரை வெயிலைத் தவிர்ப்பது நல்லது.

உங்களுக்கே பங்குள்ள வீடு என்றால் ஒரு பகல் போதாது. பத்திரம், வீட்டு வரி ரசீது, பங்காளிகளின் பட்டியல் மூன்றையும் சரிபாருங்கள். முதலில் கூரை ஓடுகளைக் கவனியுங்கள். ஓடு நகர்ந்து மழைநீர் இறங்கினால் உத்தரம் உளுத்துப்போகும். பிறகு எதுவும் நிற்காது. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். தூண் விலை பேசி வருபவரிடம் அவசரத்தில் கையெழுத்திடாதீர்கள். இடித்து விற்ற வீடுகளின் கதவும் நிலையும்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன.

அந்தத் தெருவில் வாங்குவதாக இருந்தால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. வயது குறைந்த பொருளானாலும் பழையதாகத் தோன்றினால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் பெற்றுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போங்கள்.