புறக்கோள்களைப் பற்றிப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரியனை அல்லாமல் வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களே புறக்கோள்கள். ‘பூமியைப் போல் ஒன்றரை மடங்கு பெரிய கோள்’ என்று செய்தி வந்ததும், அந்த ஒன்றரை கோளையே நேரில் அளந்து எடுத்த எண் என்று நம்பிவிடுகிறோம். என் பார்வையில் ஆகப் பெரிய தவறு இதுதான்.

பெரும்பாலான புறக்கோள்களை யாரும் கண்ணால் கண்டதில்லை. கோள் குறுக்கே கடக்கும்போது விண்மீனின் ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதுதான் கையில் இருக்கும் தகவல். 1% மங்கினால், கோளின் விட்டம் விண்மீனின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. விண்மீன் சூரியன் அளவு என்றால் அந்தக் கோள் ஏறக்குறைய வியாழன். டிராப்பிஸ்ட்-1 என்ற சிறிய விண்மீனின் விட்டம் சூரியனின் விட்டத்தில் சுமார் 12% மட்டுமே. அதில் அதே 1% மங்கல் தெரிந்தால், கோள் பூமியைப் போல் 1.3 மடங்குதான்!

ஆகவே விண்மீனை அளப்பதில் நேரும் பிழை அப்படியே கோளின் தலையில் விழும். விண்மீன் நினைத்ததைவிட 10% பெரியது என்று பின்னால் தெரிந்தால், கோளின் விட்டமும் 10% கூடும், கன அளவு 33% கூடும். நிறை மாறாவிட்டால் அடர்த்தி கால் பங்கு குறையும். பாறை என்று எழுதிவைத்தது தடித்த வாயுப் போர்வை கொண்ட கோளாகிவிடலாம். பக்கத்தில் துணை விண்மீன் ஒன்றின் ஒளி கலந்திருந்தால், கோள் உள்ளதைவிடச் சிறிதாகத் தோன்றும்.

2017இல் நடந்ததைப் பாருங்கள். கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி கோள்களைக் கண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் நிறமாலையைக் கெக் தொலைநோக்கியில் பதிவுசெய்து, அவற்றின் விட்டங்களைத் திருத்தினார்கள். திருத்தியது விண்மீன்களைத்தான். ஆனால் பூமியைப் போல் 1.5 முதல் 2 மடங்கு வரையுள்ள கோள்கள் அரிது என்ற உண்மை அப்போதுதான் பளிச்சென்று வெளிப்பட்டது. அதுவரை அளவுப் பிழைகள் அந்த இடைவெளியை நிரப்பி மறைத்திருந்தன.

உலோகம் (வானியலில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த எல்லாத் தனிமங்களும்) மிகுந்த விண்மீனில்தான் கோள்கள் உருவாகும் என்பதும் அரைகுறைப் புரிதலே. வியாழன் போன்ற பெருங்கோள்களுக்கு அந்தத் தொடர்பு வலுவாக உண்டு. சிறு கோள்களோ உலோகம் குறைந்த விண்மீன்களிலும் தாராளமாகக் கிடைக்கின்றன.

‘உயிர்வாழத் தகுந்த மண்டலம்’ என்ற சொல் இன்னும் அதிகமாக ஏமாற்றும். திரவ நீருக்கு ஏற்ற தொலைவு என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. 2016இல் அறிவிக்கப்பட்ட பிராக்சிமா பி என்ற கோள் அந்த மண்டலத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் விண்மீன் செங்குள்ளன் எனப்படும் சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன் என்பதால், பூமி-சூரியன் தொலைவில் இருபதில் ஒரு பங்கு நெருக்கத்தில், 11.2 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. அந்த விண்மீன் அடிக்கடி வெடித்துச் சீறும்போது கிளம்பும் எக்ஸ் கதிர்கள் அவ்வளவு அருகிலிருந்து கோளைத் தாக்குகின்றன.