பேஸ் கிடாரின் ஏ தந்தி ஒலித்தால் பீரோ அதிரும்: சப்வூஃபர் சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

பேஸுக்கென்றே, அதாவது கீழ்ச்சத்தத்துக்கென்றே, இருக்கும் தனி ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபர் வீட்டுக்கு வந்த முதல் வாரம், அறையில் இருந்த இரும்பு பீரோவின் கைப்பிடி பாட்டோடு சேர்ந்து தாளம் போட்டது. எல்லாப் பாட்டுக்கும் இல்லை. பேஸ் கிடாரில் ஒரு குறிப்பிட்ட சுரம் வரும்போது மட்டும் 'டர்ர்' என்று ஒரு நடுக்கம். வந்தவர்களுக்கெல்லாம் அதைப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். பெட்டியை வைத்த இடம் தப்பு என்று பீரோ எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது புரிய இரண்டு மாதம் ஆனது.

இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப் என்று பாட்டு மட்டும் கேட்கிறவர்கள் சப்வூஃபர் சேர்க்கலாமா என்று கேட்டால், பாதிப் பேர் 'சேர்த்தால் இசை கெட்டுப்போகும்' என்பார்கள், மீதிப் பேர் 'அது இல்லாமல் இசையா' என்பார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் தாங்கள் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். கெட்டுப்போனதாகச் சொல்பவர்கள் கேட்டது, பெரும்பாலும் தப்பாக வைக்கப்பட்ட, தப்பாகத் திருகப்பட்ட பெட்டியை.

முதல் தவறு கடைக்குப் போவதற்கு முன்பே நடக்கிறது. 'என் செட்டில் பேஸ் வரவில்லை' என்று சொல்பவர்களின் வீட்டில் நான் முதலில் பார்ப்பது ஸ்பீக்கர் ஒயரை. எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய இரட்டை ஒயரில் இரண்டு பக்கமும் ஒரே நிறம், ஒன்றில் மட்டும் மெல்லிய கோடு இருக்கும். அவசரத்தில் ஒரு ஸ்பீக்கருக்குச் சிவப்பு முனையும் கறுப்பு முனையும் மாறிவிடும். அப்புறம் ஒரு ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். கீழ்ச்சத்தத்தை ஒன்றுக்கொன்று தின்றுவிடும். பாடகர் குரலும் நடுவில் நிற்காமல் அறை முழுவதும் பரவித் திரியும். ஆம்ப்பை அணைத்துவிட்டு, ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஒயரை மாற்றிப் போட்டுக் கேளுங்கள். எந்த வகையில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதுதான் சரி. ஐந்து நிமிட வேலை, செலவு இல்லை. இதற்கு மருந்தாக சப்வூஃபர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள் பொம்மைகளுக்கு நடுவே சொருகி வைப்பதும் இதே ரகம். அங்கே பலகைதான் பாடும். வெளியே எடுத்து, ஸ்டாண்டில் காது மட்டத்துக்கு வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் குறை தெரிந்தால் மேலே பேசலாம்.

உங்களுக்கு வேண்டியது எவ்வளவு கீழே?

சப்வூஃபரின் வேலை, உங்கள் ஸ்பீக்கர் கைவிடும் இடத்துக்குக் கீழே மிச்சம் இருக்கும் ஓர் ஆக்டேவை, அதாவது அதிர்வெண் பாதியாகும் வரையிலான ஒரு ஸ்தாயியை, பிடித்துக் கொடுப்பது. அவ்வளவுதான். அதனால் நீங்கள் கேட்கும் இசை அங்கே போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. நான்கு தந்தி பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. ஐந்து தந்தி என்றால் 31. பியானோவின் இடது ஓரக் கட்டை 27.5. ஒரு கட்டை சுருதியில் ஆண் குரலுக்குச் சேர்த்த தம்புராவின் மந்தர சட்ஜமோ 65 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கிறது.

ஐந்து அங்குல வூஃபர் (பேஸைத் தரும் கோன்) வைத்த சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் 55, 60 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு தாக்குப் பிடிக்கும். ஆக, கேட்பதெல்லாம் கச்சேரி என்றால் அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆறரை அங்குல வூஃபர் இரண்டு வைத்த டவர் ஸ்பீக்கர் சின்ன அறையில் ஓடுகிறது என்றால், பல வீடுகளில் பேஸ் ஏற்கெனவே கொஞ்சம் ஜாஸ்தி. சினிமாப் பாட்டு, ராக், எலக்ட்ரானிக் என்று போகிறவர்களுக்குக் கதை வேறு. சிந்தசைசர் பேஸுக்குத் தந்தியும் கிடையாது, எல்லையும் கிடையாது. 30 ஹெர்ட்ஸுக்கு அநாயாசமாக இறங்கும்.

ஸ்பீக்கரின் அட்டையில் '45 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்புவதும் ஒரு தவறு. பக்கத்தில் மைனஸ் 3 டெசிபல் என்று இருந்தால் அந்த இடத்தில் சத்தம் லேசாகத்தான் குறைந்திருக்கிறது. மைனஸ் 10 என்று இருந்தால், காதுக்கு ஏறக்குறைய பாதியாகிவிட்டது என்று பொருள். எதுவுமே போடவில்லை என்றால் அந்த எண்ணை விளம்பரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் கேட்டுப் பழகிய 'தொம் தொம்' வேறு, ஆழம் வேறு. எல்லாப் பாட்டிலும் ஒரே சுரத்தில் இடிக்கிறது என்றால் அங்கே பாடுவது பெட்டி. நல்ல பேஸில் கிடார்காரர் ஒவ்வொரு சுரமாக ஏறி இறங்குவது எண்ணிவிடும்படி கேட்கும்.

அறைதான் பாதி கருவி

இனி பீரோ விஷயத்துக்கு வருகிறேன். என் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 40 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளமே எட்டரை மீட்டர், அதாவது அறையை விடப் பெரியது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் அலையின் பாதி நீளம் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறை தானே சேர்ந்து பாட ஆரம்பிக்கும். 12 அடிக்கு அது 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56. என் அறையில் அகலமும் உயரமும் ஒன்று என்பதால் 56இல் இரட்டை அடி. பேஸ் கிடாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். பீரோ ஏன் அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் ஆடியது என்று இப்போது தெரிகிறதா?

செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள நம் அறைகளில் இது கூடுதல் உக்கிரம். மரச்சட்டத்தில் மெல்லிய பலகை அடித்த வெளிநாட்டுச் சுவர்கள் கீழ்ச்சத்தத்தில் கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். நம் சுவர் விடாது, திருப்பி அடிக்கும். அங்கே எழுதப்பட்ட ஆலோசனைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். பத்துக்குப் பத்து அறை என்றால் இன்னும் சிரமம். உயரமும் பத்து என்றால் மூன்று திசையும் ஒரே இடத்தில் கத்தும்.

மூலையில் சப்வூஃபரை வைத்தால் இந்த எல்லா அதிர்வுகளும் ஒரே சமயத்தில் முழுசாகத் தூண்டப்படும். நாம் வைப்பதும் மூலையில்தான், கால் தடுக்காது என்பதால். இன்னொரு பக்கம், சோபா அறையின் சரிநடுவில் இருந்தால் அங்கே 47உம் 56உம் அநேகமாகக் காணாமல் போயிருக்கும். பேஸ் போதவில்லை என்று அங்கே உட்கார்ந்துகொண்டு வால்யூமை ஏற்றுவோம். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சு அடைக்கும்.

இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள், முடிந்தால் சோபா மேலேயே. பேஸ் மேலும் கீழும் நடமாடும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பெட்டியை வைக்க முடிந்த இடங்களில் எல்லாம் தரையோடு தவழ்ந்துபோய்க் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ, அதுதான் பெட்டியின் இடம். சத்தம் ஜாஸ்தியாகக் கேட்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அந்த ஆசைதான் கெடுக்கும். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா தொலைச்சே?" என்று கேட்டுவிட்டு அவரும் கட்டிலுக்கு அடியில் தேட ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த இடம் வாசல் நிலைக்கு நேரே இருந்தது. வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது நல்ல இடம், முன்சுவரில் இடது ஸ்பீக்கருக்கு உள்பக்கம், மூலையிலிருந்து மூன்றரை அடி தள்ளி. அங்கேதான் இருக்கிறது.

ஈக்வலைசர் இருக்கிறதே என்று கேட்கலாம். சில சுரங்களில் சத்தம் எகிறும் மேடுகளை வெட்ட அது உதவும். பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது. அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் அதுவும் அழிந்துபோகும், ஆம்ப்தான் திணறும். அளந்து பார்க்க ஆசைப்பட்டால் யூமிக்-1 மாதிரி அளவைத் திருத்திய மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் போதும். போனில் உள்ள மைக்கை இந்தத் தாழ்ந்த சத்தத்துக்கு நம்ப வேண்டாம்.

காசு இருந்தால் பெரியதாக ஒன்று வாங்குவதை விட நடுத்தரமாக இரண்டு வாங்குவது மேல். ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்ட்டி 2002இல் வெளியிட்ட ஆய்வில், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு வைத்தாலே இருக்கைக்கு இருக்கை வரும் வித்தியாசம் நன்றாகக் குறைந்தது. அதே சமயம், ரொம்பச் சின்னதை வாங்குவதும் வீண். அதே சத்தத்தோடு ஓர் ஆக்டேவ் கீழே இறங்க, கோன் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். டைனிங் வரை திறந்து கிடக்கும் ஹாலில் எட்டு அங்குலப் பெட்டி மூச்சு வாங்கும். என் அறை அளவுக்குப் பத்து அங்குலம் தாராளம்.

திருகும் ஒயரும்

பெட்டியின் முதுகில் கிராஸ்ஓவர், ஃபேஸ், லெவல் என்று மூன்று இருக்கும். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபர் பாட வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை 120 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டு 'சத்தம் மூலையிலிருந்து வருகிறது' என்று புலம்புவது வழக்கமான காட்சி. ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் காது கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடும். ஆண் குரலின் அடிப்பகுதியும் பெட்டிக்குள் போய்விடும். ஸ்பீக்கர்களுக்கும் பேஸ் வெட்டப்படாமல் முழு சிக்னல் போகும்போது 50, 60இல் தொடங்கி, இடையில் ஓட்டை தெரிந்தால் மட்டும் மெல்ல ஏற்றுங்கள்.

ஃபேஸ் ஸ்விட்ச்சை யாரும் தொடுவதே இல்லை. ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்து பாடும் அந்த எல்லையில் இரண்டும் ஒரே திசையில் தள்ள வேண்டும். கிராஸ்ஓவர் 60 என்றால் 60 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு நீங்கள் இருக்கையில் உட்காருங்கள். வேறு ஒருவர் ஸ்விட்ச்சை 0க்கும் 180க்கும் மாற்றட்டும். எதில் சத்தம் கூடுகிறதோ அதில் விட்டுவிடலாம்.

லெவல் திருகு விஷயத்தில் எல்லோரும் ஏற்றித்தான் வைக்கிறோம். காசு கொடுத்து வாங்கியது கேட்க வேண்டாமா என்ற நியாயம்தான். பேஸ் துருத்தும் வரை ஏற்றி, பிறகு அது தனியாகத் தெரியாத வரை இறக்குங்கள். ஒரு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் இறக்கத் தோன்றும். தோன்றினால் இறக்கிவிடுங்கள். வழக்கமாகக் கேட்கும் வால்யூமிலேயே இதைச் செய்ய வேண்டும். ஒலி தாழும்போது காதுக்குப் பேஸ்தான் முதலில் குறைந்து கேட்கும், ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிய விஷயம் இது. மத்தியானம் சத்தமாக வைத்துச் சரிசெய்தது ராத்திரிக்குச் சப்பென்று இருக்கும்.

ஒயரில் நடக்கும் கூத்து தனி. நண்பர் ஒருவர் ஆம்ப்பின் டேப் அவுட்டில் (டேப் ரெக்கார்டருக்கான துளை) சப்வூஃபரைச் சொருகிவிட்டார். அங்கே சிக்னல் வால்யூம் திருகைத் தாண்டாமலே வெளியே வந்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்குப் பாட்டைக் குறைத்தால் பாடகர் அடங்குகிறார், பேஸ் மட்டும் அதே வேகத்தில் கீழ்வீட்டுக்குப் போகிறது. வால்யூம் திருகுக்குக் கட்டுப்பட்டு வரும் ப்ரீ அவுட் அல்லது சப் அவுட் இருந்தால் அதில் சொருகுங்கள். இரண்டும் இல்லாத பழைய ஆம்ப்பாக இருந்தால், ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே ஒயர் எடுத்து சப்வூஃபரின் ஹை லெவல் இன்புட்டுக்குக் கொடுக்கலாம். ஆனால் சில டிஜிட்டல் ஆம்ப்களிலும் பிரிட்ஜ் செய்த (இரண்டு சானலை ஒன்றாக்கிய) ஆம்ப்களிலும் கறுப்பு முனை எர்த்தோடு சேர்ந்தது அல்ல. கையேட்டைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

எல்.எஃப்.இ. (சினிமாவின் தனி பேஸ் சானல்) என்று எழுதியிருக்கும் துளையில் வரும் சிக்னல், பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவரைத் தொடாமலே போய்விடும். ஏ.வி. ரிசீவரில் (ஹோம் தியேட்டர் ஆம்ப்) கிராஸ்ஓவர் ஏற்கெனவே நடக்கிறது என்பதால் அதற்கு அந்தத் துளைதான் சரி. முழு சிக்னலையும் தரும் ப்ரீ அவுட்டை அதில் சொருகினால் பாடகரும் சேர்ந்து சப்வூஃபருக்குள் முனகுவார். ரிசீவரில் ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்று குறிப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது போல. புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு 'ஸ்மால்', 80 ஹெர்ட்ஸ் என்று போட்டால் அதற்குக் கீழே உள்ளது சப்வூஃபருக்குப் போய், சின்னக் கோனின் முதுகுச் சுமை இறங்கி, நடுச்சத்தமே தெளியும்.

எல்.பி. தட்டு கேட்பவர்கள் சப்சோனிக் ஃபில்டர் (காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வை வெட்டுவது) இல்லாமல் சப்வூஃபர் சேர்க்க வேண்டாம். வளைந்த தட்டின் ஏற்ற இறக்கத்துக்குக் கோன் சத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் தள்ளாடும். இரைச்சல் வந்தால் பிளக்கின் மூன்றாவது பின்னை (எர்த்) உடைத்து எறிவது ஆபத்து. ஆம்ப்பையும் சப்வூஃபரையும் ஒரே பிளக் போர்டில் சொருகிப் பாருங்கள். கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் ஊளையிட்டால் குற்றம் பெட்டியில் இல்லை. அடுக்குமாடியில் பெட்டிக்கு அடியில் தடித்த ஃபோம் வைத்தால் தளத்தின் நடுக்கம் குறையும், காற்றில் போகும் பேஸ் குறையாது. கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்.

என் அறையில் ஏ தந்தி இப்போது மற்ற சுரங்களோடு சேர்ந்துதான் வருகிறது. பீரோ கைப்பிடி மட்டும் எப்போதாவது சத்தமாகப் போட்டால் லேசாகச் சிணுங்கும். பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி அதன் இடுக்கில் செருகி வைத்திருக்கிறேன்.