தங்கமீனுக்குப் பாலூற்றும் சுத்தம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்காக வீட்டை ஒட்டடை அடித்துத் துடைத்தபோது மீன் தொட்டியையும் நான் விட்டுவைக்கவில்லை. இரண்டு தங்கமீன்களையும் வாளிக்கு மாற்றிவிட்டுத் தொட்டியைக் காலி செய்தேன். கூழாங்கற்களை அரிசி களைவதுபோல் களைந்தேன். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் வைத்து, பழுப்பு நீர் வருவது நிற்கும்வரை பிழிந்தேன். புதுத் தண்ணீர் நிரப்பி விளக்கைப் போட்டதும் தொட்டி பளிங்காக மின்னியது. பலகாரம் சாப்பிட வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் ஒரு மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஐந்தாம் நாள் இரண்டுமே இல்லை.

சுத்தம் சோறு போடும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். தங்கமீன் விஷயத்தில் அது பாலூற்றிவிட்டது.

அன்று நான் பிழிந்து வெளியேற்றிய பழுப்புதான் தொட்டியின் உயிர். மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. அம்மோனியாவுக்கு நிறமில்லை. மீனைக் கொல்லும் அளவு கலந்திருந்தாலும் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். பஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிரிகள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும்; வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது குறைந்துவிடும். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிரிக் கூட்டம் உருவாகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதை ஒரே பிற்பகலில் நான் கழுவித் தொலைத்தேன்.

பஞ்சைக் கழுவவே கூடாது என்பதில்லை. தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரை ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, அதிலேயே பஞ்சை இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும். பழுப்பாகவே இருக்கட்டும். இரண்டு பஞ்சு இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் தொட வேண்டாம். மாதாமாதம் பஞ்சை மாற்றச் சொல்லி உறையில் அச்சடித்திருப்பார்கள். அந்த வரியைப் பஞ்சு விற்பவர்தான் எழுதியிருக்கிறார் என்பதை மனத்தில் வையுங்கள்.

வாளியில் ஊறவைத்த தண்ணீர்

ஊரிலிருந்து பேசும் உறவினர்களும் இணையத்தில் தமிழில் மீன் வளர்ப்பு சொல்லித் தருபவர்களும் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் வைத்திருந்தால் குளோரின் பறந்துவிடும். குளோரின் மட்டும் கலந்த தண்ணீருக்கு அது சரி. சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய் நீரில் கிருமிகளைத் தடுக்க இருப்பது குளோரமைன். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த இந்தச் சேர்மம் எளிதில் கலையாது. குழாயில் நெடுந்தூரம் போன பின்னும் நீரைக் காக்க வேண்டும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நமக்குக் குடிக்கப் பாதுகாப்பான அந்த நீர், மீனின் செவுளை அரித்துவிடும். ஒரு நாள் என்ன, சில நாள் வைத்திருந்தாலும் முழுதாகப் போகும் என்று நம்ப முடியாது.

அதோடு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறை மூலையில் திறந்த வாளியில் நாள்கணக்காகத் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிட இடம் தேட வேண்டியதில்லை. டெங்கிச் சோதனைக்கு வரும் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரியிடம் ‘மீனுக்காக வைத்திருக்கிறேன்’ என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே மீன் கடையில் குளோரின் நீக்கி வாங்குங்கள். சில வெள்ளிக்குக் கிடைக்கும் சிறு புட்டியே மாதக்கணக்கில் வரும். வாங்கும்போது குளோரமைனுக்கும் உரியதா என்று பாருங்கள். சாதாரண மருந்து குளோரமைனிலிருந்து குளோரினைப் பிரித்துவிடும். மிஞ்சும் அம்மோனியா தண்ணீரிலேயே தங்கும். பழகிய தொட்டியில் நுண்ணுயிரிகள் அதைத் தின்றுவிடும். புதுத் தொட்டியில் தின்ன ஆளில்லை. அங்கே அம்மோனியாவையும் கட்டிவைக்கும் வகை மருந்தே நல்லது.

அளவிலும் தடுமாறுவோம். நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60, 30, 32 என்றால் ஏறத்தாழ 58 லிட்டர். கற்கள் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 50. வாளியில் மருந்து கலந்து ஊற்றுவதானால் வாளியின் அளவுக்குப் போட்டால் போதும். குழாயை நேராகத் தொட்டிக்குள் விடுபவர்கள் முழுத் தொட்டியின் அளவுக்கும் மருந்து போட வேண்டும். அதையும் தண்ணீர் விடுவதற்கு முன்பே போட வேண்டும்.

குழாய் நீரைவிடத் தூய்மையானது என்று காய்ச்சி வடித்த நீரை வாங்கி ஊற்றியவரையும் பார்த்திருக்கிறேன். அதில் தாது உப்புகளே இல்லை. தங்கமீனுக்கு அவை வேண்டும்.

நம் ஊர் வெயிலும் குளிர்நீர் மீனும்

தங்கமீன் குளிர்ந்த நீரின் மீன். 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம். நம் வீடுகளில் தொட்டி நீர் 28, 29 என்று நிற்கிறது. மீன் அதைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் இரு பக்கமும் இழப்பு. 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனுக்கோ மூச்சு அதிகம் தேவைப்படும். போதாக்குறைக்கு, அதே அளவு அம்மோனியாவில் நஞ்சான பகுதி 20 டிகிரியில் இருப்பதைப்போல் 30 டிகிரியில் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

பனிக்கட்டியைப் போடாதீர்கள், திடீர் மாற்றம் சூட்டைவிட மோசம். நீர்மட்டத்தின்மேல் வீசும்படி ஒரு சிறு மின்விசிறியை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாக வற்றும், அவ்வளவுதான். வற்றிய அளவுக்கு ஊற்றி நிரப்பிவிட்டுத் தண்ணீர் மாற்றியதாக நினைப்பதும் தவறு. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. நைட்ரேட்டும் உப்பும் உள்ளேயே தங்கிக் கெட்டிப்படும். தொட்டியோடு சேர்த்து நீர்சூடேற்றியைத் தலையில் கட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரில் தங்கமீனுக்குச் சூடேற்றுவது, வெயிலில் நிற்பவருக்குக் கம்பளி போர்த்துவது.

மூன்று மாதம் கவனிக்காமல் விட்டு, ஒருநாள் மனம் உறுத்தி எல்லாத் தண்ணீரையும் மாற்றுவது, நான் அறிந்தவற்றில் மிகவும் ஏமாற்றும் தவறு. நம் குழாய் நீர் மென்மையானது. அமிலத்தைத் தாங்கும் கார உப்புகள் அதில் குறைவு. நுண்ணுயிரிகளின் வேலை அந்தக் கொஞ்சத்தையும் கரைத்துவிடுவதால், கவனிக்காத தொட்டியில் பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; குறைந்தால் அமிலம்) 6-க்கும் கீழே இறங்கலாம். அப்போது நுண்ணுயிரிகள் சோர்ந்து அம்மோனியா சேரும். ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் அம்மோனியமாக, அதிகம் தீங்கில்லாத வடிவில் இருக்கும். மீனும் எப்படியோ காலம் தள்ளும். அந்த நேரத்தில் புது நீரை மொண்டு மொண்டு ஊற்றினால் பிஎச் மேலேறும். 7-இலிருந்து 8-க்கு ஒரு படி ஏறினாலே நஞ்சான அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். ‘அழுக்குத் தண்ணீரில் நன்றாக இருந்தது, நல்ல தண்ணீர் ஊற்றியதும் செத்துவிட்டது’ என்று புலம்புபவர்கள் பொய் சொல்வதில்லை. நீண்ட நாள் விட்டுவிட்டால் தினமும் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றி, இரண்டு வாரத்தில் வழிக்குக் கொண்டுவாருங்கள். வடிகட்டியில் ஒரு கைப்பிடி பவளத்துண்டு போட்டுவைத்தால் பிஎச் எளிதில் சரியாது.

வழக்கமான நாள்களில் வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு. இதைச் சோம்பேறிகளும் செய்யலாம் என்பதற்கு நானே சாட்சி.

தீனி விஷயத்தில் எங்கள் வீட்டில் தீராத வழக்கு. ‘வாயில்லாச் சீவன், பசிக்காதா?’ என்று என் மாமியார் போகும்போதும் வரும்போதும் ஒரு சிட்டிகை தூவுவார். தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது; எப்போது பார்த்தாலும் பசித்ததுபோல்தான் நீந்திவரும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்ப்பதற்குமேல் போட்டால் மிச்சம் அழுகி அம்மோனியாவாகும். அன்றன்றைய தீனியைக் காலையிலேயே ஒரு சிறு டப்பாவில் அளந்து வைக்கிறோம். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். வழக்கு சமாதானத்தில் முடிந்தது.

கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாங்காதீர்கள். உருண்டை உடல் தங்கமீன் ஒன்றுக்கு 40 லிட்டராவது வேண்டும் என்பது வளர்ப்பவர்களின் கணக்கு. நன்றாக வைத்துக்கொண்டால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய மீன் அது.

பூச்சிமருந்தின் ஆபத்தையும் நாம் மறந்துவிடுகிறோம். கொசுவுக்கு அடிக்கும் மருந்துகளில் பெரும்பாலும் இருக்கும் பைரெத்ராய்டு வகை, மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியது. காற்றுப் பம்பு அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. கீழ்த்தளத்தில் புகை அடிக்கும் நாளில் சன்னலைச் சாத்தி, தொட்டியை மூடி, புகை அடங்கும்வரை பம்பை நிறுத்துங்கள், வடிகட்டி ஓடட்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் நான் அப்படியே செய்கிறேன்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் முதலில் தீனியை நிறுத்துங்கள். சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி வீட்டில் இருந்தால் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். குளோரமைன் நீக்கிய உடனே சோதித்தால் கட்டிவைக்கப்பட்ட அம்மோனியாவையும் சில பெட்டிகள் காட்டும். அதைக் கண்டு பதறாமல் மறுநாள் மீண்டும் பாருங்கள். நைட்ரைட் ஏறியிருந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு போடலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும். ஒழுங்காகத் தண்ணீர் மாற்றிவந்த தொட்டி என்றால் மருந்து கலந்த நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றலாம். நாள்பட விட்ட தொட்டி என்றால் மேலே சொன்ன பத்தில் ஒரு பங்குக் கணக்குதான்.

மீன் வளர்க்க முடியாமல் போனால் நீர்த்தேக்கத்திலோ பூங்காக் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரில் அது சட்டவிரோதம். வேறு யாராவது வளர்ப்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது கழுவாத பஞ்சையும் சேர்த்தே கொடுங்கள்.