தம்பி தங்கைகளுக்கு ஒரு ரோபோ ஆட்டம்: ஒன்பதாம் வகுப்பினர் செய்து பார்க்க

பள்ளியில் ரோபோ போன்றவற்றைச் செய்து பழகும் அடல் டிங்கரிங் லேப் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரைதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதோடு சரி. அவர்களுக்கு நீங்களே ஒரு ஆட்டம் செய்து கொடுக்கலாம். ரோபோ தபால்காரர், கட்டம் கட்டமாகப் போய் வீட்டில் கடிதம் சேர்க்க வேண்டும், குளத்தில் விழக்கூடாது. அவ்வளவுதான் கதை.

படி 1: ரோபோ இல்லாமல் ஆடிப் பாருங்கள்

மோட்டாரை இப்போதைக்கு எடுக்காதீர்கள். மைதானத்தில் சாக்பீஸால் பெரிய கட்டங்கள் போட்டு, ஒரு பிள்ளையை ரோபோவாக நிறுத்துங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் அம்புக்குறி வரைந்து, மற்றவர்களை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் கவனியுங்கள்.

இரண்டு குழப்பங்கள் கட்டாயம் வரும். 'வலது' அட்டை வைத்தால் ரோபோ வலப்பக்கக் கட்டத்துக்கே நகர்ந்துவிடும் என்று நினைப்பார்கள். நின்ற இடத்திலேயே திரும்பும் என்பது சட்டென்று பிடிபடாது. எனவே நேர் அம்பு வேண்டாம், வளைந்த அம்பு வரையுங்கள். முதல் வகுப்புக்கென்றால் திரும்பி ஒரு கட்டம் போகும்படியே புரோகிராம் எழுதிவிடலாம், தப்பில்லை. இன்னொன்று, ரோபோ தங்களைப் பார்த்து வரும்போது இடம் வலம் மாறிப்போகும். ரோபோவின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, அட்டைக்கும், பின்னால் வண்டியில் வைக்கப்போகும் பட்டனுக்கும் அதே நிறம் கொடுங்கள்.

படி 2: விரிப்பு

பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் பின்பக்கம் போதும். 15 செ.மீ. கட்டங்கள், ஆறுக்கு ஆறு. கடையில் விற்கும் பீ-பாட் என்ற குழந்தைகள் ரோபோவும் ஒரு கட்டளைக்கு 15 செ.மீ. தான் நகரும், பின்னால் பள்ளியில் அதை வாங்கினாலும் இதே விரிப்பு உதவும்.

படி 3: வண்டி

ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றும் சின்ன போர்டு), எல்298என் மோட்டார் டிரைவர் (போர்டு சொல்வதுபோல் மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பது), பிஓ மோட்டார் எனப்படும் மஞ்சள் நிற கியர் மோட்டார் இரண்டு, 65 மி.மீ. சக்கரங்கள், எந்தப் பக்கமும் உருளும் ஒரு காஸ்டர் சக்கரம், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் 20 துளை வட்டும் துளை கடப்பதை உணரும் ஸ்பீடு சென்சாரும் இரண்டு ஜோடி. 9 வோல்ட் சதுர பேட்டரி வேண்டாம், மோட்டாருக்குத் தேவையான கரண்ட் அதிலிருந்து வராது. 18650 என்ற ரீசார்ஜ் லித்தியம் செல் இரண்டைத் தொடராக இணையுங்கள். சின்னக் கைகள் படாமல் மூடி போட்டு திருகிவிடுங்கள்.

'இத்தனை மில்லிசெகண்ட் ஓடு' என்று எழுதுவது சுலபம். ஆனால் பேட்டரி இறங்க இறங்க வண்டி கட்டத்துக்குள் நிற்காது. தவறு தன்னுடையதா வண்டியுடையதா என்று பிள்ளைக்குத் தெரியாமல் போனால் ஆட்டமே கெட்டது. அதனால் நேரத்துக்குப் பதில் வட்டின் துளைகளை எண்ணுங்கள். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 20.4 செ.மீ., அதாவது ஒரு துளைக்கு ஏறக்குறைய 1 செ.மீ. ஒரு கட்டத்துக்கு 15 துளை. இரு சக்கரங்களுக்கும் நடுவே 13 செ.மீ. இடைவெளி வைத்தால், ஒன்று முன்னும் ஒன்று பின்னும் 10 துளை சுற்றும்போது வண்டி சரியாக 90 டிகிரி திரும்பும்.

படி 4: புரோகிராம்

முன்னே, இடது, வலது, ஓடு, அழி என ஐந்து பட்டன். அழுத்தியதையெல்லாம் ஒரு அர்ரேயில், அதாவது வரிசைப் பட்டியலில் சேர்த்து, 'ஓடு' வந்ததும் வரிசையாக நடத்துங்கள். சென்சார்களை ஆர்டுயினோவின் இன்டரப்ட் பின் 2, 3-இல் கொடுங்கள், சிக்னல் வந்த உடனே எண்ணிக்கொள்ளும். 5 மில்லிசெகண்டுக்குள் வரும் இரண்டாவது சிக்னலை விட்டுவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரே துளையை இரண்டு முறை எண்ணும். ஒரு சக்கரம் முந்தினால் மற்றது எட்டும் வரை அதை நிறுத்திவையுங்கள்.

ஓடி முடித்ததும் அர்ரே தானே காலியாகட்டும். 'அழி' அழுத்த மறந்து, பழைய கட்டளைகளும் சேர்ந்து ஓடுவது இந்த வயதில் சகஜம். அட்டை வரிசை தரையில் இருப்பதால் எங்கே பிசகியது என்று அதைப் பார்த்தே திருத்திக்கொள்வார்கள்.

படி 5: ஆட விடுங்கள்

மூன்று பேர் ஓர் அணி: ஒருவர் அட்டை அடுக்க, ஒருவர் பட்டன் அழுத்த, ஒருவர் வண்டியைத் தொடக்கக் கட்டத்துக்குத் தூக்கிவர. அப்புறம், குளத்தை விரிப்பில் வரைந்துவிடாதீர்கள். தனி அட்டையில் வெட்டி வையுங்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே அதை இடம் மாற்றச் சொல்லிக் கேட்பார்கள்.